மஞ்சள் சுடர்

எனக்குப் பயம் அதிகம். வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. கேஸ் அடுப்பை அணைத்ததும் ரெகுலேட்டரை மூடுவேன், மூடியதைத் தொட்டுப் பார்ப்பேன், படுத்த பிறகு எழுந்துபோய் இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பேன். என் கணவர் சுரேஷ் நேர் எதிர். பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு போனில் சிரித்துச் சிரித்துப் பேசுகிற மனுஷன். எங்களுக்குப் பொருத்தம் பார்த்த ஜோசியர் எதைப் பார்த்துப் பொருந்துகிறது என்றாரோ தெரியாது.

சுரேஷ் ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டில், சின்னச் சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றினார். மாற்றிக் கொடுத்தது என் அண்ணன் அர்ச்சுனன். அவருக்கு ஆலங்காயத்தில் வெல்டிங் பட்டறை. வண்டியை ஜவ்வாது மலையில் காவலூரைத் தாண்டி, தீர்த்தகிரி என்பவரின் சாமைக் கொல்லை ஓரமாக நிறுத்துவது, சனி ஞாயிறில் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது. இதுதான் திட்டம்.

கார்த்திகையில் முதல் குடும்பம் வந்தது. விடிந்தும் விடியாமலும் கிளம்பிப் போய்விட்டது. இடம் பிரமாதம், ஆனால் குளிரில் பிள்ளைகள் தூங்கவேயில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு போன் செய்த எல்லோரும் முதலில் கேட்டது ஹீட்டர் இருக்கிறதா என்றுதான். கொல்லையில் கரண்ட் கிடையாது. வண்டி பாட்டரியில் கரண்ட் ஹீட்டர் ஓடாது. கேஸ் ஹீட்டர் ஒன்றுதான் வழி.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நான் ஆலங்காயத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கூட்டமில்லாத நேரத்தில் போனில் ஹீட்டர்களைப் பற்றித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிய அறையில் கேஸோ கரியோ சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, இருமல் வராது. கொஞ்சம் தலை வலிக்கும், கொஞ்சம் அசதியாக இருக்கும், படுக்கலாம் என்று தோன்றும். படுத்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு மலை ஊரில் ஒரு குடும்பமே போர்வைக்குள் அப்படிப் போய்ச் சேர்ந்திருந்தது. திருடன் வந்தால் நாய் குலைக்கும், நெருப்பு பிடித்தால் புகை வரும். இது வந்தால் எதுவும் சொல்லாது என்பதுதான் என்னைப் படுத்தியது.

சுரேஷ் வேலூரில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். சிலிண்டர் தலையிலேயே நேராக மாட்டுகிற கிண்ணம் போன்ற ஹீட்டர். அதன் பெட்டியிலேயே, திறந்த வெளியில் மட்டும் பயன்படுத்தவும் என்று எழுதியிருந்தது. "அத்த யாரு படிப்பாங்க" என்றார். நான் படிப்பேன் என்றேன். அன்று சோறு பேச்சில்லாமல் இறங்கியது.

நான் கேட்டது வேறு. வெளியிலிருந்தே காற்றை இழுத்து, பெட்டிக்குள்ளேயே எரித்து, புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடுகிற ஹீட்டர். வண்டிக்குள் இருக்கிற காற்றுக்கும் நெருப்புக்கும் சம்பந்தமே இருக்காது. எல்லோரும் அதுதான் பத்திரம் என்றார்கள். ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கெட்டுப்போனால் இந்தப் பக்கத்தில் தொட ஆள் கிடையாது. கடைசியில் நடுவாந்தரமாக ஒன்றில் வந்து நின்றோம். உள்ளேயே எரிகிற புரொப்பேன் ஹீட்டர்தான். சாய்ந்தால் அணைந்துவிடும், அறையில் ஆக்ஸிஜன் குறைந்தாலும் அணைந்துவிடும். நான் அதற்கு மேல் என் பங்குக்குச் சில நிபந்தனைகள் போட்டேன். கூரையில் ஒரு காற்றுத் துளை, தரையோரம் ஒரு காற்றுத் துளை, இரண்டையும் எப்போதும் மூடக் கூடாது. சுவரில் விஷவாயு அலாரம் வைக்க வேண்டும். படுக்கும்போது ஹீட்டரை அணைத்துவிட வேண்டும்.

துளை போட்ட அன்று அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, குளிருதுன்னு ஹீட்டர் வாங்கற. அப்பறம் குளிரு உள்ள வர்றதுக்கு நீயே ஓட்டை போடச் சொல்ற. இன்னா கணக்கு இது?"

"உயிரோட இருந்தாத்தானே ணா குளிரும்."

"இவ ஒருத்தி" என்று சொல்லிவிட்டு மிஷினை ஓட்டினார்.

பட்டறையிலேயே பற்றவைத்துப் பார்த்தோம். சுடர் நீலமாக நின்றது. நீலமாக எரிந்தால் கேஸ் முழுசாக எரிகிறது, மஞ்சளாக எரிந்தால் நெருப்புக்குக் காற்று போதவில்லை, அப்போதுதான் விஷம் வரும். இதை நான் வீட்டில் எத்தனை தடவை சொன்னேன் என்றால், எங்கள் மகள் கவியா பள்ளிக்கூடத்தில் போய் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். அலாரத்தின் பட்டனை அமுக்கியதும் அது போட்ட சத்தத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருந்தது. அன்று இரவு நெடுநாளைக்குப் பிறகு தூங்கினேன்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, சுரேஷும் கவியாவும் வண்டியில் ஒருநாள் தங்கிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எனக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமையே வண்டியைப் படவேட்டுக்கு ஓட்டிப் போய் அம்மன் கோவில் வாசலில் பூஜை போட்டுவிட்டு, சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் போளூர் வழியாக மலையேறினார்கள். மலையில் சிக்னல் கிடையாது. ஒரு மேட்டின்மேல் ஏறி நின்றால் கொஞ்சம் வரும், இறங்கினால் போய்விடும். அதனால் சனிக்கிழமை முழுக்கப் போன் வரவில்லை என்பதற்கு நான் பயப்படவில்லை. அதாவது, வழக்கத்தைவிட அதிகமாகப் பயப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. சனிக்கிழமை சாயங்காலம் எடுத்தது. கவியா கட்டிலில் சம்மணமிட்டு, குரங்குக் குல்லாயோடு பல் தெரியச் சிரிக்கிறாள். முன்னால் ஹீட்டர் எரிகிறது. கீழே சுரேஷ், "செம கதகதப்பு" என்று எழுதியிருந்தார்.

நானும் சிரித்தேன். அவள் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்க விரலை வைத்து விரித்தேன். அவள் தலைக்குப் பின்னால் சுவரில் அலாரம் தெரிந்தது. அதன் நெற்றியில், அதாவது காற்று உள்ளே போகிற துளைகள் இருக்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. பூஜை. ஆயுத பூஜைக்கு மிக்ஸிக்கும் சைக்கிளுக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைக்கிறவர்கள்தானே நாங்கள். புதுசாக வந்த பொருளுக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடுவோமா? ஸ்டியரிங்குக்கு வைத்திருப்பார், அடுப்புக்கு வைத்திருப்பார், உசிரைக் காப்பாற்றுகிற அலாரத்துக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருப்பார். காய்ந்த சந்தனம் துளைகளை அடைத்துவிட்டால் அது எதை முகர்ந்து கத்தும்? பட்டனை அமுக்கினால் சத்தம் வரும். பட்டன் சரிபார்ப்பது சத்தத்தை மட்டும்தான், மூக்கை அல்ல.

படத்தைக் கீழே நகர்த்தினேன். ஹீட்டருக்கும் வைத்திருந்தார். கரைத்த சந்தனம் அதன் முகப்பிலிருந்து வழிந்து, கீழே காற்று இழுக்கிற சின்னத் துளைகள் மேல் காய்ந்திருந்தது. சுடர் நீலமாக இல்லை. கவியாவின் முகத்தில் விழுந்த வெளிச்சம் முழுக்க மஞ்சள். அறையில் ஆக்ஸிஜன் குறைந்தால்தான் அது தானாக அணையும், துளை அடைபட்டு விஷம் கக்கினால் அணையாது.

சுரேஷுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் போட்டேன், மறுபடியும் அதே பெண் குரல். தீர்த்தகிரியின் போன் அணைந்திருந்தது. படம் நேற்று எடுத்தது. அதற்குப் பிறகு ஒரு முழு இரவு போயிருக்கிறது. படுக்கும்போது அணைக்கச் சொல்லியிருந்தேன். ஆனால் அணைக்கிற மனுஷனா அவர்? குளிருதுப்பா என்று கவியா சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும் என்று விடுகிறவர். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்கே அசதியாக வந்திருக்கும், படுக்கலாம் என்று தோன்றியிருக்கும்.

கடையை அப்படியே போட்டுவிட்டு அண்ணன் பட்டறைக்கு ஓடினேன். போனை நீட்டினேன். அவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். கிண்டல் செய்வார் என்று பயந்தேன். அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"வண்டில ஏறு" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய ஆம்னி வேனில் மலையேறினோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேலே போகப் போகப் பனிமூட்டம் கண்ணாடியில் வந்து ஒட்டியது. ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் ஹாரனை அமுக்கினார். ஒரு பஸ் முன்னால் ஊர்ந்துகொண்டு போனது. அதை முந்த முடியாமல் பின்னாலேயே போனபோது அந்த டிரைவரை நான் மனசுக்குள் திட்டாத திட்டில்லை. அவர் பாவம், பத்திரமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"படம் இன்னிக்கிக் காலைலதான வந்துச்சி?" என்றார் அண்ணன். "அப்டின்னா போனு இன்னிக்கித்தான் சிக்னலு புடிச்சிருக்குது. யாரோ எடுத்துக்கினு மேட்டுக்குப் போயிருக்காங்கன்னு அர்த்தம். சொம்மா பயந்துக்காத."

நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். ஆனால் மேட்டுக்குப் போகாமலே, காற்று ஒருமாதிரி அடித்தால் வண்டிக்குள்ளேயே சில சமயம் சிக்னல் வந்து போகும் என்று சுரேஷ் ஒருநாள் சொல்லியிருந்தார். அதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் போல இருந்தது.

"ணா, சீக்கிரம் போ ணா."

"போய்க்கினுதான் இருக்கேன்."

"கவியா தூங்கறப்ப வாய தொறந்துக்கினு தூங்குவா ணா."

இந்தப் பாவி மனசு என்னென்ன காட்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கதவைத் திறக்கிறேன், இரண்டு பேரும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள், கூப்பிடுகிறேன், திரும்பவில்லை. இதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மன் பெயரைச் சொல்ல வாயெடுத்தால் அவள் வாசலில் பூசின சந்தனம்தான் ஞாபகம் வந்தது. என் பிள்ளையை மட்டும் விட்டுவிடு என்று கேட்டேன். சுரேஷின் பெயரைக்கூட அந்த நேரத்தில் நான் சொல்லவில்லை. பிள்ளை, பிள்ளை என்றுதான் கேட்டேன்.

காவலூரைத் தாண்டி மண் பாதையில் இறங்கியதும் வண்டி தெரிந்தது. கதவு மூடியிருந்தது. கண்ணாடி முழுக்க உள்ளே ஆவி படிந்து வெளுத்திருந்தது. அண்ணன் நிறுத்துவதற்கு முன்பே நான் குதித்துச் சேற்றில் ஓடினேன். எங்கே கால் வைக்கிறேன் என்று தெரியாமல் ஓடினேன்.

"அம்மா."

திரும்பினேன். கொல்லையை ஒட்டியிருந்த தீர்த்தகிரியின் வீட்டுச் சார்ப்புக்குக் கீழே, குரங்குக் குல்லாயோடு, மூக்கு ஒழுக, கையில் சுரேஷின் போனோடு கவியா நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி.

அவளைத் தூக்கினேனா, விழுந்து கட்டிக்கொண்டேனா, எனக்கே தெரியாது. அவள் கன்னம் சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பில் என் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

"ஏம்மா அழுவுற? நான் மேட்டாண்ட போய் கேம் வெளையாடினேன். அதுக்கா?"

"அப்பா எங்கடி?"

"வூட்டுக்குள்ள படுத்துக்கினு இருக்குது. காலைலேர்ந்து தலை வலிக்குதாம். நேத்து நீ சொன்ன மாரியே படுக்கும்போது ஹீட்டர நிறுத்திட்டோம்மா. நான்தான் ஞாபகப்படுத்தனேன்."

உலகத்தில் இனி எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது. அண்ணன் பின்னால் வந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டு பெரிதாக மூச்சு விட்டார். அவர் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டார். நானும் சிரித்திருப்பேன்.

"அம்மா, நம்ம வண்டில பாப்பா தூங்குது" என்றாள் கவியா. "ஈஸ்வரி அக்கா பாப்பா. நான் பாக்கணும்னு சொன்னா வுடமாட்டேங்கறாங்க. கதவத் தொறந்தா காத்து அடிக்குமாம்."

தீர்த்தகிரியின் மனைவி ஈஸ்வரிக்குக் குழந்தை பிறந்திருந்தது எனக்குத் தெரியும். ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் பிறந்து, அந்த வாரம்தான் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். பச்சை உடம்புக்காரி. மலைக்குளிர் வேறு, தூறல் வேறு. தீர்த்தகிரியின் வீட்டுக் கூரையில் ஒரு பக்கம் ஒழுகியது. சுரேஷ் என்ன செய்திருப்பார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வண்டியில் சூடாக இருக்கட்டும் என்று நல்ல மனசோடு, தன் கையாலேயே பற்றவைத்துக் கொடுத்துவிட்டுத் தலைவலி என்று போய்ப் படுத்திருக்கிறார்.

அவர் மனசு நல்லது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வண்டிக் கதவுக்கு முன்னால், தலையில் கோணியைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, தீர்த்தகிரியின் அக்கா பெரியம்மாள் ஒரு கல்லின்மேல் காவல் உட்கார்ந்திருந்தார்.

"கதவத் தொறங்க" என்றேன்.

"இன்னாம்மா, எப்ப வந்த? இப்பத் தொறக்கக் கூடாது. பச்ச ஒடம்பு, காத்து பூந்துச்சின்னா இழுப்பு வந்துரும். கூரைல ஒரு ஓட்ட, கீழ ஒரு ஓட்ட, இன்னா வண்டி கட்டனீங்களோ போ. சீலையச் சுருட்டி நல்லா அடச்சி வுட்டேன். இப்ப ஒரு பொட்டு காத்து போவாது."

"புள்ள எழுந்துச்சா?"

"அயர்ந்து தூங்குது. சூட்டுல மூஞ்சி நல்லா செவந்து கீது. பாலுக்குக்கூட எழுந்திரிக்கல. நேத்தெல்லாம் கத்திக்கினே இருந்துச்சி, பாவம். இன்னிக்கித்தான் ஆத்தாளும் புள்ளையும் நிம்மதியா கீறாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார், அடுத்த நொடி சிலிண்டர் பெட்டியைத் திறக்க வண்டியின் பின்பக்கம் ஓடினார். நான் பெரியம்மாளைத் தள்ளிக்கொண்டு கதவை இழுத்தேன். உள்ளிருந்து வெப்பம் முகத்தில் அடித்தது. மஞ்சள் சுடர் எரிந்துகொண்டிருந்தது. சுவரில் அலாரம் சந்தனப் பொட்டோடு வாய்மூடி இருந்தது. கட்டிலில் ஈஸ்வரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் முதுகுப் பக்கம் துணிச்சுருளில் குழந்தை. தலைமாட்டில் காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க அரிவாள் வைத்திருந்தார்கள்.

"ஈஸ்வரி, எழுந்திரு."

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைத் தெரிந்த மாதிரி இல்லை. எழுந்திருக்கப் பார்த்தாள், கால் மடிந்து கட்டிலிலேயே சரிந்தாள். "தலை இன்னாவோ பண்ணுதுக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடினாள். அதற்குள் சுடர் அணைந்தது. அண்ணன் சிலிண்டரை மூடிவிட்டு உள்ளே ஏறி அவளை இரண்டு கையிலும் வாரினார்.

நான் குழந்தையைத் தூக்கினேன். கனமே இல்லை. தலை என் கைமேல் துவண்டது. மூச்சு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக்கூட நிற்காமல் அதை அணைத்துக்கொண்டு தூறலில் இறங்கினேன்.

பெரியம்மாள் என்மேல் பாய்ந்தார். "ஏ, பச்சப் புள்ளயக் காத்துல காட்டறியே, உனக்கு நெஞ்சுல ஈரம் கீதா? குடு இப்டி." குழந்தையின் துணியைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. அவர் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. நான் அவரை முழங்கையால் தள்ளினேன். பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை. சேற்றில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே மண்ணை வாரி என்மேல் வீசி, "கொல்றா, எம் புள்ளயக் கொல்றா" என்று கத்தினார். அக்கம்பக்கத்துக் கொல்லைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

நான் குழந்தையின் முகத்துத் துணியை விலக்கி, முகத்தைக் காற்றுக்குக் காட்டினேன். மழைத்துளி அதன் நெற்றியில் விழுந்தது. அசையவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். முதுகைத் தேய்த்தேன். மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு மாத்திரைப் பெயர் தெரியும், வேறென்ன தெரியும்? மறுபடியும் சுண்டினேன். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பெரியம்மாளும் நிறுத்திவிட்டார். அந்த அமைதியில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கவியா குல்லாயோடு நின்றதைப் பார்த்தபோது, இனி எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தேனே, அப்போது இந்தக் குழந்தை உள்ளேதான் இருந்தது. நான் சிரிக்கப் போன அந்த நேரமெல்லாம் இது அந்த விஷத்தைத்தான் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது.

இன்னொரு தடவை உள்ளங்காலை ஓங்கிச் சுண்டினேன். குழந்தையின் வாய் ஒருபக்கமாகக் கோணியது. முனகல் போல ஒன்று வந்தது. பிறகு முகம் சுருங்கி, கை இரண்டும் விரிந்து, ஒரு மெல்லிய அழுகை. அழ ஆரம்பித்தது நிற்கவில்லை.

சுரேஷ் போர்வையோடு வாசலில் வந்து நின்றார். எல்லோரையும் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. எல்லோரையும் ஆம்னியில் ஏற்றி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, குளிர்காற்று விசுவிசுவென்று அடிக்க, ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்கப் பெரியம்மாள் குழந்தையின் காதைத் தன் கையால் பொத்திக்கொண்டே வந்தார். கண்ணாடியை ஏற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஈஸ்வரிக்கும் குழந்தைக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். சுரேஷுக்கும் கவியாவுக்கும்கூடக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார்கள். எத்தனை நேரம் உள்ளே இருந்தார்கள் என்று டாக்டரம்மா கேட்டார். ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். குழந்தையைத் திருவண்ணாமலைக்கு அனுப்ப வேண்டியிருக்குமோ என்று முதலில் யோசித்தார். சாயங்காலத்துக்குள் குழந்தை பால் குடித்தது. அதைப் பார்த்ததும், இங்கேயே இருக்கட்டும், கவனித்துக்கொள்ளலாம் என்றார். தீர்த்தகிரி சந்தையிலிருந்து நேராக ஓடி வந்து, என்ன நடந்தது என்று முழுசாகப் புரியாமலே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

வராந்தாவில் சுரேஷ் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாமிக்குத்தான வெச்சேன்" என்றார். "நல்லா இருக்கணும்னுதான வெச்சேன்."

"தெரியுதுங்க" என்றேன். அவர்மேல் கத்த வேண்டும் என்று மலையேறும்போது சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பயம் என்றால் என்ன என்று அந்த மனுஷன் அன்றுதான் பார்த்தார்.

ஈஸ்வரி கூப்பிடுவதாக நர்ஸ் வந்து சொன்னாள். உள்ளே போனேன். சுவரோரம் பெரியம்மாள் நின்றிருந்தார், சேலையில் சேறு காய்ந்திருந்தது. என் மணிக்கட்டில் இருந்த கீறலைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஈஸ்வரிக்கு முகத்தில் தெளிவு வந்திருந்தது. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அக்கா, மழையில ஆலங்காயத்துலேர்ந்து ஓடியாந்தியாமே. எல்லாரும் சொன்னாங்க. இங்க இருக்கற நாங்களே பாக்கல, அம்மாந்தொலவுல கீற உனக்கு எப்டிக்கா தெரிஞ்சுது? பெத்தவ நானே தூங்கிட்டேன், ஏம் புள்ளைக்காக நீ ஓடியாந்திருக்கற."

வாய் வரைக்கும் வந்தது. நான் உன் பிள்ளைக்காக வரவில்லை ஈஸ்வரி, வழி நெடுக உன் பிள்ளையை நான் நினைக்கவே இல்லை, என் பிள்ளையை மட்டும் விட்டுவிடு என்று கேட்டுக்கொண்டு வந்தவள் நான் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சுதும்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். என் கையை விடாமலே கண்ணை மூடினாள், கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். அவள் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கையை உருவிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.